பாட்டியின் தையல் இயந்திரம் ஏன் சுழல மறுக்கிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இப்படி ஒரு பொருள் இருக்கலாம். மேலே துணி விரித்து, அதன்மேல் பூச்சாடியோ குடும்பப் படமோ வைத்திருப்பார்கள். துணிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, அதைத் தாங்கும் வேலைப்பாடுள்ள இரும்புக் கால்கள், நடுவில் அகலமான ஒரு மிதிப்பலகை. அதுதான் கால்மிதித் தையல் இயந்திரம். தீபாவளிச் சட்டை, பள்ளிச் சீருடை, அக்கம்பக்கத்தாரின் ரவிக்கை என்று ஒரு காலத்தில் ஓயாமல் ஓடியது. அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் பலர்.

இன்று அதன் கைச்சக்கரத்தைத் திருப்பினால் அசைவதில்லை. ‘கெட்டுவிட்டது’ என்று முடிவு செய்து, பழைய சாமான் வாங்கும் லோரி வரும்போது எடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம். அசையாத இயந்திரங்களில் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல. அவற்றின் உள்ளே ஒரு வேதியியல் மாற்றம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாற்றம் என்ன என்று புரிந்துகொண்டால், சுத்தியலும் பலமும் இல்லாமல், பொறுமையைக் கொண்டே இயந்திரத்தை ஓடவைக்கலாம். புரியாமல் கைவைத்தால், 80 ஆண்டுகள் தாங்கிய பொருளை ஒரே மாலைப்பொழுதில் பாழாக்கவும் முடியும்.

எண்ணெய் எப்படிப் பசையாகிறது?

சமையலறையில் உள்ள பழைய வாணலியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. அது ஒரு காலத்தில் சமையல் எண்ணெயாக இருந்ததுதான்.

பல சமையல் எண்ணெய்களின் மூலக்கூறுகளில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன், அதாவது உயிர்வளி, அந்த இடங்களில் வினைபுரிகிறது. பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, மீன்வலை போன்ற பெரிய அமைப்பாக மாறுகின்றன. இதுதான் பாலிமர். ஓடிக்கொண்டிருந்த திரவம் முதலில் தேன் போல் தடிக்கும், பிறகு பசையாகும், கடைசியில் கெட்டியான அரக்குப் போல் இறுகிவிடும். வாணலியில் வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. தையல் இயந்திரத்தின் உள்ளே இதே வேலை பல ஆண்டுகளில் மெதுவாக நடக்கிறது.

தையல் இயந்திரத்திற்கென்று விற்கப்படும் எண்ணெய் வேறு வகை. அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்பட்ட கனிம எண்ணெய். அதில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு என்பதால் எளிதில் இறுகாது. ஆனால் அவசரத்துக்குச் சமையல் எண்ணெயை ஊற்றிய வீடுகள் நிறைய உண்டு. நல்ல எண்ணெய் ஊற்றியிருந்தாலும், அதோடு பஞ்சுத் தூசி கலந்து, 30 ஆண்டுகள் தொடாமல் கிடந்தால் அதுவும் பிசினாகிவிடும்.

இயந்திரத்தில் தண்டுகளுக்கும் அவற்றைத் தாங்கும் துளைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. அந்த இடுக்கு முழுவதும் பிசின் நிறைந்தால் என்ன ஆகும்? இரும்பைப் பசை போட்டு ஒட்டியது போல் ஆகும். உராய்வைக் குறைக்க ஊற்றிய எண்ணெயே இயந்திரத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

மருத்துவர் ஊசி போடுவதற்கு முன் நாடி பார்ப்பது போல, கைச்சக்கரத்தை மெதுவாக இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். கை உணர்வதை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம்.

சக்கரம் சிறிது தூரம் எளிதாகச் சுழன்று, சுவரில் மோதியது போல் ஓரிடத்தில் நின்றால், ஏதோ ஒன்று இடையில் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் பாபின் கூட்டின் பின்னால் சுற்றிக்கொண்ட நூலோ முறிந்த ஊசித் துண்டோதான். இடுக்கியால் எடுத்துவிடலாம்.

சக்கரம் சுழல்கிறது, ஆனால் தேனில் கரண்டியைக் கிளறுவது போல் கனமாக இருக்கிறது என்றால், எண்ணெய் பசையாகிக்கொண்டிருக்கிறது.

சக்கரம் எளிதாகச் சுற்றியும் ஊசி அசையவில்லை என்றால், சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைப் பாருங்கள். பாபினில் நூல் சுற்றும்போது ஊசியை நிறுத்திவைக்க அதைத் தளர்த்துவார்கள். யாரோ தளர்த்திவிட்டு இறுக்க மறந்திருக்கலாம். இறுக்கினால் போதும்!

துளியும் அசையவில்லை என்றால் பிசின் முழுமையாக இறுகிவிட்டது அல்லது துரு பிடித்திருக்கிறது. இதற்கும் வழி உண்டு. ஆனால் வார்ப்பிரும்பு உடலில் விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வளையாமல் உடையும். உடைந்த வார்ப்பிரும்பை ஒட்டுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

அதன் வயது என்ன?

நம் வட்டாரத்தில் அதிகம் தென்படுவது சிங்கர் நிறுவனத்தின் இயந்திரங்கள். அடுத்து, சீனாவில் செய்யப்பட்ட பட்டர்ஃபிளை. பட்டர்ஃபிளையின் அமைப்பு சிங்கரின் ‘வகை 15’ என்ற மாதிரியைப் பின்பற்றியது. போருக்குப் பிந்தைய ஜப்பானிய இயந்திரங்கள் பலவும் அப்படித்தான். அதனால் பல உதிரிப் பாகங்களும் ஊசியும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

சிங்கர் என்றால், துணி வைக்கும் தளத்தின் வலது பக்கம், கைச்சக்கரத்தின் அருகே ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தூசியைத் துடைத்துப் படியுங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அது 1900ஆம் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கலாம். முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தையது. ‘எஃப்’, ‘ஒய்’ என்று தொடங்கும் எண்கள் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த மாபெரும் ஆலையைக் குறிக்கும். ‘ஜி’ என்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த ஆலை. கிளைட்பேங்க் ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே வார்க்கப்பட்ட இரும்பு கப்பலேறி வந்து, இன்னும் நம் வீட்டு மூலையில் நிற்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழையது என்பதால் பெரும் விலை போகும் என்று எண்ணாதீர்கள். இவை பல மில்லியன் கணக்கில் செய்யப்பட்டவை. இவற்றின் மதிப்பு, இன்னும் வேலை செய்யும் என்பதிலும் யார் கையால் ஓடியது என்பதிலும் இருக்கிறது.

எதற்கு எந்தத் திரவம்?

இதுதான் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்பது வேதியியலின் ஓர் எளிய விதி. எண்ணெயைத் தண்ணீர் கரைக்காது, மண்ணெண்ணெய் கரைக்கும். காரணம், எண்ணெயும் மண்ணெண்ணெயும் முனைவற்ற மூலக்கூறுகளால் ஆனவை. தண்ணீர் முனைவுள்ளது.

பழைய தையல் இயந்திரத்தில் மூன்று விதமான பொருள்கள் அருகருகே இருக்கின்றன.

முதலாவது, உள்ளே இறுகிய எண்ணெய்ப் பிசின். இதற்கு மண்ணெண்ணெய்.

இரண்டாவது, கறுப்புப் பூச்சின் மேலுள்ள தங்க நிறப் பூவேலையைக் காக்கும் மெல்லிய மெருகு. பழைய இயந்திரங்களில் இது பெரும்பாலும் அரக்கு கலந்தது. மரப்பெட்டியின் பளபளப்பும் பல சமயம் அரக்குதான். பாரதத்தில் பாண்டவர்களுக்காகக் கட்டிய அரக்கு மாளிகையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், அதே அரக்கு. மரக்கிளைகளில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரப்பது. இது ஆல்கஹாலில் கரையும்.

மூன்றாவது, பழைய மரப்பெட்டிகளில் மரத்தகடுகளை ஒட்டப் பயன்பட்ட விலங்குப் பசை. தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து காய்ச்சப்பட்ட புரதப் பசை இது. தண்ணீரும் வெப்பமும் பட்டால் இளகிவிடும்.

இப்போது யோசியுங்கள். தொற்றுநீக்கி ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் தங்கப் பூவேலையின்மேல் துடைத்தால் என்ன ஆகும்? மெருகு கரையும், பூவேலையும் துணியோடு வந்துவிடும். பெயிண்ட் தின்னர் இன்னும் மோசம். மரப்பெட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்? பசை இளகி மேல்தகடு உரிந்து எழும். ஆசையோடு துடைக்க வந்தவர்களின் கையால் பாழான இயந்திரங்கள் ஏராளம். எந்தத் திரவத்தையும் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

பூவேலையின் மேலுள்ள அழுக்குக்குத் தையல் இயந்திர எண்ணெயே போதும். பஞ்சில் தொட்டு, மெதுவாக வட்டமாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

கட்டை அவிழ்ப்பது எப்படி?

இந்த வேலையைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து, வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அருகில் நெருப்பும் சிகரெட்டும் கூடாது. கையுறை அணியுங்கள்.

முதலில் ஊசியைக் கழற்றுங்கள். தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து விலக்குங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதுதான் உங்கள் வழிகாட்டி. தலைப்பகுதியைத் தூக்குவதானால் இருவர் தேவை. வார்ப்பிரும்பு என்பதால் 10 கிலோவுக்கு மேல் கனக்கும்.

பஞ்சுத் தூசியைப் பழைய பல்துலக்கியால் நீக்குங்கள். பிறகு, எண்ணெய் விடும் துளைகளிலும், உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தலைப்பகுதியைப் பின்பக்கம் சாய்த்தால் அடியிலுள்ள இணைப்புகளும் தெரியும்.

பிறகு? காத்திருங்கள். முழுமையாக வலையாகிவிட்ட பாலிமர், சர்க்கரை தண்ணீரில் கரைவது போல் கரைந்துவிடாது. கரைப்பான் அதன் கண்ணிகளுக்குள் நுழைந்து, அதை ஊறவைத்துத் தளர்த்துகிறது. இதற்கு நேரம் வேண்டும். காலையிலும் மாலையிலும் சில சொட்டுகள் விட்டு, கைச்சக்கரத்தை இரு பக்கமும் இலேசாக அசையுங்கள். முதல் நாள் எதுவும் நடக்காமல் இருக்கலாம். மூன்றாம் நாள் ஒரு மில்லிமீட்டர் அசையலாம். ஒரு வாரம் ஆனாலும் குறடு போட்டுத் திருகாதீர்கள். சக்கரத்தில் நீங்கள் கொடுக்கும் விசை, நெம்புகோல் விதிப்படி உள்ளே சிறிய பாகங்களில் பலமடங்காகப் பெருகும். உடைவது அவைதான்.

சக்கரம் முழுதாகச் சுழன்றதும், கறுத்த அழுக்கு வழிந்து வரும். துடைத்துவிட்டு மறுபடி சொட்டு விடுங்கள். சுத்தமாக வந்த பிறகு மண்ணெண்ணெயை முழுவதும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை இடத்திற்கு ஒரு சொட்டு விட வேண்டும். இதை மறக்கக்கூடாது. மண்ணெண்ணெய் பிசினோடு சேர்த்து உராய்வைக் குறைக்கும் படலத்தையும் நீக்கிவிடும். வெறும் இரும்பு இரும்போடு உரசினால் தேய்ந்துபோகும்.

துரு என்றால்?

இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம் என்பதால் மூன்றுக்கும் பஞ்சமில்லை. பளபளக்கும் உலோகப் பாகங்களில் மேலோட்டமாகப் பிடித்த துருவை, எண்ணெய் தொட்ட மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் தேய்த்து எடுக்கலாம். கறுப்புப் பூச்சில் அதைத் தொடவே கூடாது. பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி வையுங்கள். நீர் முனைவுள்ளது, எண்ணெய் முனைவற்றது என்றோமே. அந்தப் பகைதான் இங்கே இரும்பைக் காக்கிறது.

இரும்புக் கால்களில் பிற்காலத்தில் யாரோ அடித்த பழைய பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் அதை உலர்வாகச் சுரண்டாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

மரப்பெட்டியைப் பார்ப்போம்

மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். இழைகளின் குறுக்காக அதிகம் விரியும். நீளவாக்கில் மிகக் குறைவு. மேலே ஒட்டியுள்ள மெல்லிய தகடும் அடிமரமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது விளிம்புகள் எழும்புகின்றன. இழுப்பறைகள் மழைக்காலத்தில் இறுகுவதற்கும் இதுவே காரணம். உளியால் செதுக்காமல், சில நாள் உலர்ந்த அறையில் வைத்துப் பாருங்கள்.

எழும்பிய தகட்டை மரப்பசை விட்டு, மேலே மெழுகுத்தாளும் சமமான பலகையும் வைத்து, கனமான புத்தகங்களை ஒருநாள் அடுக்கிவைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதற்குமுன் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். வெறுமையான ஓசை வந்தாலோ, கீழே மாவு போல் தூள் கொட்டிக்கிடந்தாலோ, கரையானோ மரத்துளைப்பானோ இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியை மற்ற மரச்சாமான்களிடமிருந்து முதலில் பிரித்து வையுங்கள்.

மரத்திற்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் ஓர் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணெய் காற்றில் இறுகும் வேதிவினை வெப்பத்தை வெளியிடும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கூடி, தானே தீப்பற்றலாம். துணியைத் தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியே உலரவிடுங்கள். இயந்திரத்தைக் கட்டிப்போட்ட வினைக்கும் இந்தத் தீக்கும் அடிப்படை ஒன்றே.

மிதியின் கணக்கு

மிதிப்பலகை மேலும் கீழும் ஆடுகிறது. இயந்திரத்திற்கோ சுழற்சி வேண்டும். இணைப்புத் தண்டும் வளைதண்டும் ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகின்றன. தண்டு உச்சியிலும் அடியிலும் நேர்கோட்டில் நிற்கும் நொடியில் கால் எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சி பிறக்காது. அந்த இடங்களைக் கடத்திவிடுவது கனமான பெரிய சக்கரத்தின் நிலைமம். அதனால்தான் அது இரும்பில் அவ்வளவு கனமாகச் செய்யப்பட்டது.

கீழ்ச்சக்கரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர், மேலே பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டம் 7.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 ÷ 7.5 = 4. ஒருமுறை மிதித்தால் 4 தையல். நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் 320 தையல், மின்சாரம் ஒரு துளியும் இல்லாமல்! உங்கள் வீட்டு இயந்திரத்தை அளந்து நீங்களே கணக்கிடுங்கள். தோல் பெல்ட் நாளடைவில் நீண்டு வழுக்கும். சிறிது வெட்டி மறுபடி கொக்கி போடலாம். மிக இறுக்கினால் மிதி கனமாகிவிடும்.

சிலவற்றில் பிற்காலத்தில் மின்மோட்டார் பொருத்தியிருப்பார்கள். அதன் பழைய கம்பியுறை வெடித்து உதிர்ந்திருக்கலாம். தகுதிபெற்ற மின்பணியாளர் பார்க்கும்வரை அதை ஒருபோதும் சொருகாதீர்கள்.

முதல் தையல்

கையூசியின் காது மேலே இருக்கும். இயந்திர ஊசியின் காது முனையருகே இருக்கும். முனையருகே காதுள்ள ஊசியையும் கீழ்நூலுக்கு ஓடத்தையும் இணைத்து எலியாஸ் ஹோ 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் தம் மேம்பட்ட இயந்திரத்துக்குப் பெற்றார்.

ஊசி துணியைத் துளைத்துக் கீழே போய், மீண்டும் மேலேறத் தொடங்கும் கணத்தைக் கவனியுங்கள். துணியின் உராய்வு நூலைப் பிடித்துக்கொள்வதால் ஊசியின் பின்னால் நூல் சிறிய வளையமாகப் புடைக்கும். கீழே உள்ள கொக்கியின் முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுபோகும். இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

புதிய ஊசி போடும்போது அதன் நீண்ட பள்ளம், நூல் நுழையும் பக்கம் இருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் கைச்சக்கரத்தின் மேற்பகுதி உங்களை நோக்கி வரும்படி சுழல வேண்டும். எதிர்ப்பக்கம் சுழன்றால் நூல் சிக்கிவிடும். எண்ணெய்க்கறை படும் என்பதால் முதலில் பழைய துணியில் தையுங்கள். கீழ்நூல் மேலே தெரிந்தால் மேல்நூலின் இறுக்கம் அதிகம். மேல்நூல் அடியில் தெரிந்தால் இறுக்கம் போதாது. இரண்டும் சமமாகும்வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

இந்த வார முயற்சி: வீட்டில் பழைய தையல் இயந்திரம் இருந்தால், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களின் விட்டத்தையும் அளந்து கணக்குப் போடுங்கள். கைச்சக்கரத்தை அசைத்து, என்ன நோய் என்று ஊகித்து எழுதுங்கள். பிறகு அதை ஓட்டியவரிடம் போய், எந்த எண்ணெய் ஊற்றினார், கடைசியாக எதைத் தைத்தார் என்று கேளுங்கள். முதல் கேள்வியின் பதில் இயந்திரத்தைப் பழுதுபார்க்க உதவும். இரண்டாவதன் பதிலை ஒரு தாளில் எழுதி, இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.